அடையாளம் தெரியாத ஆண்குரல் பற்றி ஒரு திருத்தம்

லோன் ஆஷ், கென்டக்கி
1998 மே 20, புதன்கிழமை

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் திரு. விட்கம் அவர்களுக்கு,

எங்கள் வீட்டில் எல்லோரும் சுகம். மழை போதுமான அளவு பெய்திருக்கிறது, பீன்ஸ் முளைத்துவிட்டது. பழம்பாடல் பத்திரிகையில் உங்களோடு பணிபுரியும் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கடிதத்தின் நோக்கத்தை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே சொல்கிறேன். ஜூன் ஒன்பதாம் தேதி நீங்கள் இங்கே வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவும், வசந்தகால இதழின் பதினோராம் பக்கத்தில் நீங்கள் வெளியிட்ட செய்தி தவறு என்று தெரிவிக்கவும், அந்தத் தவறு உங்களுடையதல்ல, முழுக்க என்னுடையது என்று ஒப்புக்கொள்ளவும் இதை எழுதுகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன். பின்னாளில் ஆராய்ச்சியாளர் யாராவது இந்தக் கடிதத்தை மட்டும் தனியாக எடுத்துப் படித்தால் அவருக்கும் புரிய வேண்டும் அல்லவா. டெல்ஃபா ஹென்ஸ்லி எங்கள் ஓடைக்கு மேற்கரையில் வாழ்ந்தவர். வாத்தியம் எதுவும் இல்லாமல் பழைய கதைப்பாடல்களைப் பாடுவார். ஒரே ஒரு இசைத்தட்டு வெளிவந்தது. அதைக் கேட்டுத்தான் இன்றைக்கும் பெரிய நகரங்களில் பாடகர்கள் பாடக் கற்கிறார்கள் என்று உங்கள் பத்திரிகையே எழுதியிருக்கிறது. 1968 ஆகஸ்டில் வடக்கேயிருந்து ஓர் இளைஞர் பதிவு இயந்திரத்தோடு வந்து, அவர் வீட்டில் மூன்று நாள் உட்கார்ந்து மூன்று சுருள் ஒலிநாடாக்களில் அவரைப் பாடவைத்துப் பதிந்தார். அடுத்த ஆண்டே அந்த இளைஞர் இறந்துபோனார். அவருடைய சாமான்களில் நாடாக்கள் இல்லை. 1973 பிப்ரவரியில் டெல்ஃபாவும் இறந்தார். முப்பது வருடமாக நாடாக்கள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அவை எங்கள் அத்தையின் ஃப்ரீசரில் பூசணித் துண்டுகளுக்குக் கீழே இருந்தன.

அவை அங்கே வந்த கதையை மார்ச் மாதக் கடிதத்தில் நான் எழுதவில்லை. அத்தை எழுதக்கூடாது என்று சொல்லியிருந்தார். இப்போது மாவட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டதால் எழுதலாம் என்கிறார். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தேவாலயச் சபைப் பெண்கள் எல்லோரும் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். எந்தப் பாத்திரம் யாருடையது என்று குழம்பாமல் இருக்க, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். அடக்கம் முடிந்த மறுநாள் நாலு பெண்கள் அந்த வீட்டுச் சமையலறையைக் கழுவி, ஒவ்வொரு பாத்திரமாகக் கவிழ்த்துப் பெயர் பார்த்து, அவரவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். டெல்ஃபா இறந்தபோதும் அப்படித்தான் செய்தார்கள். அந்த வீட்டு அலமாரியில் ஒரு பெரிய வட்டமான கேக் டின் இருந்தது. அடியில் "வெர்லி நேப்பியர்" என்று எழுதியிருந்தது. வெர்லி நேப்பியர் என்பது என் அப்பாவின் அக்கா. எத்தனையோ வருடத்துக்கு முன்னால் ஒரு கிறிஸ்துமஸுக்கு அத்தை அதில் ஜாம் கேக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார், டின் திரும்பி வரவில்லை, டெல்ஃபா அதில் நாடாக்களைப் போட்டு மூடி, விளிம்பைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறார். சபைப் பெண்கள் பெயரைப் பார்த்தார்கள், கொண்டுவந்து கொடுத்தார்கள்.

டின் கனமாக இருந்தது. இங்கே யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். ஆகவே டெல்ஃபா சாவதற்கு முன்னால் பதில் மரியாதைக்கு ஒரு கேக் சுட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அத்தை முடிவு செய்துவிட்டார். செத்துப்போனவள் சுட்ட கேக்கை எப்படித் தின்பது? எப்படித் தூக்கி எறிவது? இரண்டுமே பாவமாகத் தெரிந்ததால் அத்தை அதை ஃப்ரீசரில் வைத்தார். இருபத்தைந்து வருடம் வைத்திருந்தார். நடுவில் ஒரு ஃப்ரீசர் பழுதாகி இன்னொன்று வாங்கியபோது பழையதிலிருந்து புதியதற்கு முதலில் இடம் மாறியது அந்த டின்தான். நான் பிறந்து வளர்ந்ததிலிருந்து அந்த ஃப்ரீசரில் மான்கறி எடுக்கப் போகும்போதெல்லாம், "டெல்ஃபா கேக்கு மேல கை படாம எடு" என்றுதான் அத்தை சொல்வார். நானும் படாமல்தான் எடுத்தேன்.

இந்த மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டாவது ஃப்ரீசரும் நின்றுபோனது. எல்லாம் உருகிக்கொண்டிருந்தது. இருந்த கறியையெல்லாம் ஒரே நாளில் சமைத்துச் சபைக்கு அனுப்பினோம். கேக்கை இனி எறிவதைத் தவிர வழியில்லை என்று அத்தைக்குத் தெரிந்தது. ஆனாலும் சும்மா எறிய மனம் வரவில்லை, போதகரை வரவழைத்தார். போதகர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, இந்த உணவைச் செய்த கைகளை ஆசீர்வதியும் என்று தொடங்கி நீளமாகவே ஜெபித்தார். நாங்கள் தலையைக் குனிந்து நின்றோம். பிறகு அத்தை கத்தியால் பிளாஸ்திரியை அறுத்து மூடியைத் திறந்தார். உள்ளே மூன்று அட்டைப் பெட்டிகள். மேலே பென்சிலில் "டெல்ஃபா ஹென்ஸ்லி, ஆகஸ்ட் 1968" என்று எழுதியிருந்தது. போதகர் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, ஜெபம் வீணாகாது என்று மட்டும் சொன்னார்.

இதுவரை நான் செய்தது எதுவும் தவறில்லை என்று நினைக்கிறேன். நாடாக்களை வெயில் படாமல் மூன்று நாள் உலரவைத்தேன். நூலகத்தில் இருந்த ஒரு புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. பள்ளி நூலகத்தின் பின்னறையில் ஒரு பழைய சுருள் டேப் ரெக்கார்டர் இருந்தது, கல்வியாண்டு முடிவதற்குள் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாடாவை மாட்டினேன். அதிலிருந்து மிகவும் மெதுவான, மிகவும் ஆழமான ஓர் ஆண்குரல் வந்தது. அவ்வளவு சோகமான குரலை நான் அதுவரை கேட்டதில்லை. ஒரே மூச்சில் முக்கால் நிமிடம் இழுத்தார். பாட்டுகளுக்கு நடுவே பேச்சும் வந்தது, ஆனால் கரடி உறுமுவதுபோல இருந்ததால் ஒரு வார்த்தையும் புரியவில்லை. பெட்டியில் டெல்ஃபா பெயர் ஏன் இருக்கிறது என்று யோசித்தேன். வீட்டுக்காரியின் பெயரை எழுதியிருப்பார்கள் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கே உங்களுக்கு ஆறு பக்கம் எழுதினேன். டெல்ஃபாவின் பாடல்களெல்லாம் இந்த மனிதரிடமிருந்து வந்திருக்கலாம் என்று ஐந்தாம் பக்கத்தில் நான் ஊகித்ததை நீங்கள் அப்படியே அச்சிட்டீர்கள். "அடையாளம் தெரியாத ஆண்குரல்" என்று தலைப்பும் கொடுத்தீர்கள். நான் விவரித்த அந்த மூச்சைப் பற்றி ஒரு பேராசிரியர், இது சுரங்கத் தூசியால் இறுகிய நுரையீரல் என்று எழுதினார். இன்னொரு பேராசிரியர் அதை மறுத்து, கடற்கரைப் படகோட்டிகள்தான் இப்படி மூச்சுப் பிடிப்பார்கள் என்று எழுதினார். அவர்கள் இருவரிடமும் நான் தனித்தனியாக மன்னிப்புக் கேட்க விரும்புகிறேன், முகவரி தெரிவிக்கவும்.

இதழோடு நீங்கள் அனுப்பிய அனுமதிப் படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெல்ஃபாவின் வாரிசு என்ற முறையில் அவருடைய கணவர் பர்லி ஹென்ஸ்லி அதில் கையெழுத்துப் போட்டால்தான் நாடாக்களை நீங்கள் வெளியிட முடியும் என்று எழுதியிருந்தீர்கள். அவரை நான் பர்லி தாத்தா என்று கூப்பிடுவேன். கூப்பிட்டால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். எழுபத்தாறு வயது. மனைவி போன பிறகு அவர் வீட்டில் பாட்டுச் சத்தமே கேட்டதில்லை, சபையில்கூட மற்றவர்கள் பாடும்போது வாயை மூடிக்கொண்டு நிற்பார். அவரிடம் எப்படிப் போய்ப் பேச்சை எடுப்பது என்று தெரியாமல் படிவத்தை இரண்டு வாரம் அகராதிக்குள் வைத்திருந்தேன். இது என் கோழைத்தனம், அதற்கு வேறு பெயர் இல்லை. நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர் அதை ரேடியோவில் கேட்டிருக்க வேண்டியதில்லை.

எங்கள் வானொலியில் காலை பத்து மணிக்கு "வேண்டும், விற்பனைக்கு" என்று ஒரு நிகழ்ச்சி வரும். வேண்டாத சாமானை விற்க, வேண்டியதைத் தேட, யார் வேண்டுமானாலும் தொலைபேசியில் கூப்பிடலாம். மாவட்டத்தில் அதைக் கேட்காத வீடு கிடையாது. பள்ளி இயந்திரத்தைத் திங்கட்கிழமை திருப்பித் தர வேண்டியிருந்ததால், போன சனிக்கிழமை நான் கூப்பிட்டு, சுருள் டேப் ரெக்கார்டர் ஒன்று இரவலாக வேண்டும் என்று கேட்டேன். நிகழ்ச்சி நடத்தும் டென்சில் ராட்லிஃப் நல்ல மனிதர், ஆனால் கேள்வி கேட்காமல் இருக்க அவரால் முடியாது. அது எதுக்கும்மா என்றார். சொன்னேன். யாரு பாட்டு என்றார். அதையும் சொன்னேன். "டெல்ஃபா வீட்டுல ஆம்பளக் குரலா?" என்றார். ஆமாம், மூன்று நாடாவிலும் அவர்தான், யார் என்று தெரியவில்லை, டெல்ஃபாவுக்கு மிக நெருக்கமானவராக இருந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள் என்றேன். டென்சில் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, அடுத்து வேட்டை நாய்க்குட்டிகள், தாயும் தகப்பனும் நல்ல ஜாதி என்று படிக்க ஆரம்பித்தார். நான் ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால் அத்தை கையில் மாவோடு அப்படியே நிற்கிறார். "அடி பாவி. பர்லி ரேடியோ இல்லாம பல்லுகூட விளக்கமாட்டானே" என்றார்.

முக்கால் மணி நேரத்தில் பர்லி தாத்தாவின் பிக்கப் வண்டி வந்து நின்றது. இதற்குமேல் அவர்கள் பேசியதைப் பேசியபடியே எழுதுகிறேன், மன்னிக்கவும், வேறு மாதிரி எழுதினால் பொய்யாகத் தெரிகிறது. அத்தைதான் முதல்ல வாசலுக்குப் போனாங்க. உள்ள வான்னு கூப்பிட்டாங்க, அவர் படியிலயே நின்னுட்டார். அத்தை அங்கயே டின் கதைய ஆரம்பிச்சுட்டாங்க.

"கேக்குன்னு நெனச்சுட்டேன் பர்லி. எறிய மனசு வரல."

"இருபத்தஞ்சு வருசமாவா?"

"அவ கையால சுட்டதாச்சே."

"அவ ஜென்மத்துல கேக்கு சுட்டதில்ல வெர்லி. அடுப்புல வெச்சதையெல்லாம் மறந்துட்டுப் பாடிக்கிட்டு நிப்பா. ரொட்டி சுட்டாலே நான்தான் பாத்து எடுக்கணும்."

அத்தை உட்கார்ந்துவிட்டார். பர்லி தாத்தா என் பக்கம் திரும்பினார். அவ்வளவு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் இதுதான்: "பாப்பா, அன்னைக்கு அந்த வீட்டுப் பக்கம் ஆம்பளன்னு ரெண்டே பேர். ஒருத்தன் மிஷின் கொண்டாந்தவன், அவனுக்குப் பாட வராது. இன்னொருத்தன் நான், நான் மூணு நாளும் உள்ளயே போகல. அப்ப யாரு பாடுனது?"

நான் மூன்றாவது நாடாவை மாட்டினேன். கூடத்துச் சன்னலை அம்மா திறந்துவிட்டார், பர்லி தாத்தா வெளியே படியில் நின்றே கேட்டார். அந்த உறுமல் வந்தது. ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். "இது எனக்குத் தெரிஞ்ச யாரும் இல்ல" என்றார். பாட்டு நின்று பேச்சு வந்தது, அதுவும் உறுமல்தான். அதற்குப் பின்னால் தூரத்தில் எங்கோ பாறை உருண்டு விழுவதுபோல டொம், டொம் என்று ஒரு சத்தம். அதை நான் இயந்திரத்தின் கோளாறு என்று உங்களுக்கு எழுதியிருந்தேன். பர்லி தாத்தா படியேறி உள்ளே வந்தார். இயந்திரத்தின் ஒலிபெருக்கியை மூடியிருந்த துணியில் கையை வைத்தார். "இது என் கோடாலி" என்றார்.

அப்புறம் அவராவே சொன்னார். யாரும் கேக்கல. அந்த மூணு நாளும் முத்தத்துல விறகு வெட்டிக்கிட்டு இருந்தாராம். படிச்ச பையன் முன்னால போய் உக்கார ஒரு மாதிரியா இருந்துச்சாம். மூணாம் நாள் நிமிந்து பாத்தா, சன்னல்ல டெல்ஃபா அவரக் கைய நீட்டிக் காட்டி ஏதோ சொல்றாங்க, அந்தப் பையன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். ரெண்டு பேரும் அவரையே பாக்குறாங்க. அவர் தலையக் குனிஞ்சவர்தான், அன்னைக்குப் பூரா நிமிரல. என்ன சொல்லிச் சிரிச்சேன்னு அன்னைக்கும் கேக்கல, அதுக்கப்புறம் அஞ்சு வருசம் அவங்க உயிரோட இருந்தாங்க, அப்பவும் கேக்கல. "கேட்டுட்டா பதில் வந்துருமே பாப்பா" என்றார்.

இதைக் கேட்டதும் நான் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். ஏன் அப்போது எடுத்து வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நல்ல செய்தி என்று நினைத்தேனோ என்னவோ. அவர் அதை இரண்டு முறை நிதானமாகப் படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார். "என்னப் பத்தி அவ சொன்னது எதுவோ, அது இதுக்குள்ள கெடக்கு. அதக் கடையில வெச்சு ஊரான் வாங்கிக் கேக்கணுமா?" என்றார். மூன்று நாடாவையும் டின்னில் அடுக்கி மூடி, இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அத்தை தடுக்கவில்லை. டின் என்னவோ அத்தையுடையதுதான், அடியில் பெயர்கூட அப்படியே இருக்கிறது.

அன்று மதியமே டென்சில் ராட்லிஃப் வந்தார். காலையில் பேசியது உறுத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும். ரேடியோ நிலையத்துப் பழைய இயந்திரம் ஒன்று நன்றாக ஓடுகிறது, வந்து பயன்படுத்திக்கொள் என்று சொல்லத்தான் வந்தார். பள்ளி இயந்திரத்தைச் சும்மா பார்த்தவர், இது எந்த வேகத்தில் ஓடுகிறது தெரியுமா என்று கேட்டார். வேகம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இயந்திரத்தோடு வந்த பள்ளி நாடா ஒன்று இருந்தது, 1971இல் ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு, அதை மாட்டினார். கிழட்டுக் காளைகள் கூட்டமாகக் கத்துவதுபோல இருந்தது. டென்சில் பேனாக்கத்தியை எடுத்துப் பக்கவாட்டில் இறுகிக் கிடந்த ஒரு குமிழை நெம்பித் திருப்பினார். காளைகள் சின்னப் பெண்பிள்ளைகள் ஆனார்கள்.

திரு. விட்கம் அவர்களே, நாடாக்களில் ஆண்குரல் இல்லை. சுரங்கத் தொழிலாளியும் இல்லை, படகோட்டியும் இல்லை. அது டெல்ஃபா ஹென்ஸ்லி. பாதி வேகத்தில் ஓடிய டெல்ஃபா ஹென்ஸ்லி. அந்தப் பேச்சும் அவர் பேச்சுதான், சரியான வேகத்தில் ஓடினால் ஒவ்வொரு வார்த்தையும் கேட்கும். ஆனால் கேட்பதற்கு நாடா என்னிடம் இல்லை. திங்கட்கிழமை பள்ளி முடிந்ததும் மேற்கரைக்கு நடந்து போனேன், கதவைத் தட்டினேன். வண்டி நின்றது, ஆள் திறக்கவில்லை. நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை போனபோது அந்தத் தாள் மடித்தது மடித்தபடி அங்கேயே இருந்தது.

உங்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்குத் தெரியும். எனக்கும் இழப்புதான். ஆனால் அவருடைய மனைவி அவரைப் பற்றி என்ன சொன்னார் என்பதை அவருக்கு முன்னால் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை என்று பணிவோடு சொல்கிறேன். கையெழுத்து இல்லாத படிவத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். பயணச்சீட்டை ரத்து செய்துவிடுங்கள். அடுத்த இதழில் இந்த வாசகத்தை அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்: "சென்ற இதழில் குறிப்பிட்ட ஆண்குரல் என்று எதுவும் இல்லை. இயந்திரத்தைச் சரியாகக் கையாளத் தெரியாத ஒரு மாணவியின் பிழை அது." என் பெயரையும் போடலாம்.

உங்கள் குடும்பத்தாருக்கும், அச்சுக்கோர்ப்பவர்களுக்கும், இரண்டு பேராசிரியர்களுக்கும் என் வணக்கத்தைத் தெரிவியுங்கள். கடவுள் உங்கள் பத்திரிகைக்குத் துல்லியமான செய்தியாளர்களை இனிமேலாவது அருள்வாராக. அம்மாவும் அத்தையும் தங்கள் அன்பைச் சொல்லச் சொன்னார்கள்.

மிகுந்த வருத்தத்துடனும் மாறாத மதிப்புடனும்,
மேரிபெத் நேப்பியர்
ஒன்பதாம் வகுப்பு

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை): தயவுசெய்து வாருங்கள். மேலே எழுதியதைக் கிழித்திருப்பேன், ஆனால் இரண்டாவது முறை எழுத வீட்டில் தாள் இல்லை, தபால்காரர் வேறு வரும் நேரம். வியாழக்கிழமை காலை நிகழ்ச்சியில் டென்சில், படகு மோட்டார் ஒன்றுக்கும் வைக்கோல் கட்டுகளுக்கும் நடுவே, "யாரோ ஒருத்தர் ஒரு கேக்கு டின்ன எடுத்துட்டுப் போயிருக்கார். அவர் கேட்டப்ப மிஷின் சரியா ஓடல. நல்ல மிஷின் நம்மகிட்ட இருக்கு, பன்னெண்டு வரைக்கும் பின்கதவு தெறந்துதான் கெடக்கும்" என்று மட்டும் சொன்னார். பெயர் சொல்லவில்லை. பதினோரு மணிக்குப் பர்லி தாத்தா போயிருக்கிறார். டென்சில் நாடாவை மாட்டிக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்த் தன் காரில் உட்கார்ந்துவிட்டாராம்.

இன்று காலை பர்லி தாத்தா எங்கள் வீட்டுக்கு வந்தார், உள்ளேயே வந்து உட்கார்ந்தார், அத்தை கொடுத்த காப்பியைக் குடித்தார். மூன்றாம் நாடாவில், பாட்டு எல்லாவற்றையும் எப்படி நினைவு வைத்திருக்கிறீர்கள் என்று அந்த இளைஞர் கேட்கிறாராம். டெல்ஃபா சொல்கிறாராம்: "நானா? எனக்குப் பாதி வரி நிக்காது. அதோ விறகு வெட்டுறாரே, அவர்தான் எனக்குப் புஸ்தகம். நான் மறந்துட்டு நிறுத்துனா, நிமிந்து பாத்து வாய மட்டும் அசைப்பார். நானே எல்லாத்தையும் பாடுறேன்னு மூணு நாளா நீங்க எழுதிக்கிட்டு இருக்கீங்க." அதற்குத்தான் சிரித்திருக்கிறார்கள். அடுத்து ஒரு பாட்டு. வெள்ளத்தில் ஆற்றைக் கடக்க முடியாமல் அக்கரையில் நிற்கும் தபால்காரன் கதை. நாலாவது கண்ணியில், அவன் இக்கரையில் நிற்கும் மனைவியைப் பார்த்துக் கூப்பிட்டுச் சொல்கிற இடத்தில் டெல்ஃபா நிறுத்திவிடுகிறார். ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை, கோடாலிச் சத்தம் மட்டும். பிறகு, "இது முடியல. முடிச்சுட்டு மொத்தமாத் தர்றேன், இப்ப எடுத்துட்டுப் போகாதீங்க" என்கிறாராம். அத்தோடு நாடா முடிந்துவிடுகிறது.

"சன்னலத்தான் பாத்துக்கிட்டு நின்னிருக்கா, நான் நிமிரல" என்றார் பர்லி தாத்தா. காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அந்த வருசக் குளிர்காலத்துல ஒரு தடவ கேட்டா, தபால்காரன் என்னதான் சொல்லுவான்னு. மறந்துபோச்சுன்னு சொல்லிட்டேன்" என்றார். அத்தை, "மறந்துதான் போச்சா?" என்று கேட்டார். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மேலே உள்ள திருத்த வாசகத்தை அச்சிட வேண்டாம், ஆண்குரல் ஒன்று இருக்கப் போகிறது. ஆகவே வரும்போது நாடாவை ஓடவைக்கிற இயந்திரம் மட்டும் போதாது, பதிவு செய்கிற இயந்திரமும் கொண்டுவாருங்கள். ரேடியோ நிலையத்தில் முடியாதாம், தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறார். ஒன்பதாம் தேதி வரை தள்ள வேண்டாம், முடிந்தால் அதற்கு முன்பே வாருங்கள். அந்த ஒரு வரியை எங்களிடம் சொல்லச் சொல்லி அத்தை எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். முதலில் டெல்ஃபாவுக்குத்தான் சொல்ல வேண்டும், நாடா ஓடட்டும், அவள் நிறுத்துகிற அந்த இடம் வரட்டும் என்று பர்லி தாத்தா சொல்லிவிட்டார்.